விபத்தில் இழந்த சம்பாதிக்கும் திறனைத் தீர்ப்பாயத்தில் நிரூபிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

விபத்து வழக்குகளுக்கு மனுவும் ஆவணக் கட்டும் தயார் செய்வதுதான் வக்கீல் குமாஸ்தாவான என் அன்றாட வேலை. வருகிறவர்கள் கையில் ஆஸ்பத்திரி பில் கட்டுக்கட்டாக இருக்கும். அடிபட்டவர் என்ன வேலை செய்தார், அந்த வேலையில் இப்போது எது முடியவில்லை என்பதற்கு மட்டும் ஒரு தாள்கூட இருக்காது. ஆனால் நிரந்தர ஊனம் ஏற்பட்ட வழக்குகளில் இழப்பீட்டின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அந்தத் தாள்தான்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 166-வது பிரிவில் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடும் காயமடைந்தவருக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிட்டுத் திரும்பிப் போக முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1. இரண்டு சதவீதங்களையும் பிரித்துப் பாருங்கள்

டாக்டர் தருவது உடல் ஊனச் சதவீதம். தீர்ப்பாயம் முடிவு செய்வது சம்பாதிக்கும் திறன் இழப்புச் சதவீதம். இரண்டும் ஒன்றல்ல.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் (2010 அக்டோபரில் வந்த தீர்ப்பு) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுவதும் போகிறது. அதே கையை இழந்தவர் அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை தொடரலாம். வருமான இழப்பே இல்லாமலும் போகலாம். ஊனம் ஒன்றுதான், விளைவு வேறு.

இதனால்தான் பாதி வழக்குகள் சறுக்குகின்றன. “டாக்டர் 40 சதவீதம் கொடுத்திருக்கிறார், அது போதும்” என்று விட்டுவிடுகிறார்கள். தொழில் பாதிப்பை யாரும் காட்டாவிட்டால், தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்கள் பல நேரம் ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பெருக்கிக் கொடுத்து முடித்துவிடும். தொழில் பாதிப்பை நிரூபித்தால் மல்டிப்ளையர் கணக்குக்கு, அதாவது ஆண்டு வருமானத்தை வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்கும் கணக்குக்கு, வழி திறக்கும். இரண்டு தொகைக்கும் நடுவே பல லட்சம் வித்தியாசம் வரும்.

2. மனுவுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி விவரம், அடிபட்டவரின் ஓட்டுநர் உரிமம். எக்ஸ்ரே, ஸ்கேன் ஃபிலிம்களை வீட்டில் பத்திரமாக வையுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் இருந்தால் பிறகு பரிசோதிக்கும் டாக்டரால் ஒப்பிட்டுச் சொல்ல முடியாது.

ஏ.ஆர். காப்பியைக் கையில் வாங்கியதும் படித்துப் பாருங்கள். “தானாகக் கீழே விழுந்தார்” என்று அவசரத்தில் எழுதப்பட்டிருந்தால் உடனே வக்கீலிடம் சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

வயதுக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எடுங்கள். பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. பள்ளிச் சான்றிதழை ஏற்றுக்கொண்டது. இங்கே ஒரு வயது கூடினால்கூட மல்டிப்ளையர் மாறலாம்.

3. எங்கே, எதற்குள்

விபத்து நடந்த இடம், மனுதாரர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்மனுதாரர் (வழக்கில் எதிர்த்தரப்பாகச் சேர்க்கப்படுபவர்) வசிக்கும் இடம் ஆகியவற்றில் எந்த ஊர்த் தீர்ப்பாயத்திலும் போடலாம். நடக்க முடியாதவர் சொந்த ஊரில் போடுவதே நல்லது. சாட்சிகளும் அங்கேதான் இருப்பார்கள்.

2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்த வழக்குகளில், தாமதத்தைக் காட்டி மனுக்களைத் தள்ளக் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சிகிச்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பதுதான் நான் அதிகம் கேட்கும் தவறான முடிவு. மனு முதலில், ஊன மதிப்பீடு பிறகு. ஊனச் சான்று இல்லாமலே மனு போடலாம்; விசாரணைக்கு முன் சேர்த்துக்கொள்ளலாம்.

4. விபத்துக்கு முந்தைய வருமானத்தை நிறுவுங்கள்

மாதச் சம்பளக்காரருக்கு விபத்துக்கு முந்தைய ஓராண்டுச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல், வருமான வரிக் கணக்கு ஆகியவை தேவை. வரி போக மீதிதான் கணக்கில் வரும். பி.எஃப். பிடித்தத்தை வரி மாதிரி கழிக்க விடாதீர்கள். அது அவர் சேமிப்பு.

முதலாளி கையெழுத்துப் போட்ட சம்பளச் சான்றிதழ் மட்டும் போதாது. அதை எழுதியவரோ, சம்பளப் பதிவேட்டோடு வரக்கூடிய வேறொருவரோ கூண்டில் ஏற வேண்டும். வழக்குக்காகவே எழுதி வாங்கிய காகிதம் என்று எதிர்த்தரப்பு சொல்லும். பதிவேடு வந்தால் அந்த வாதம் நிற்காது. விபத்துக்குப் பிறகு அவசரமாகத் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கைத் தீர்ப்பாயம் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

தினக்கூலி, சுயதொழில் செய்கிறவர்கள் “எங்களிடம் எதுவும் இல்லை” என்பார்கள். தேடினால் இருக்கும். நலவாரிய அட்டை, மகளிர் குழுக் கடன் விண்ணப்பத்தில் எழுதிய வருமானம், யு.பி.ஐ. வரவுகள், சரக்கு வாங்கிய கடையின் பில், வாடகை ஒப்பந்தம், வேலை கொடுத்த மேஸ்திரியின் குறிப்பேடு, கனரக வாகன உரிமம் என்று ஒவ்வொன்றும் ஒரு செங்கல். ஒன்று தனியாக நிற்காது, சேர்ந்தால் நிற்கும்.

எதுவுமே கிடைக்காவிட்டாலும் வழக்கு விழுந்துவிடாது. சையத் சாதிக் வழக்கில் (2014) வலது காலை இழந்த காய்கறி வியாபாரியிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்ப்பது சரியல்ல என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் மாதம் 6,500 ரூபாயை ஏற்றது. அந்த விபத்து நடந்தது 2008-ல். உங்கள் ஆண்டுக்கு ஏற்ற தொகையை நீங்கள்தான் காரணத்தோடு கேட்க வேண்டும். கூட்டிச் சொல்லாதீர்கள். 18,000 சம்பாதித்தவர் 40,000 என்று மனுவில் எழுதிவிட்டு வங்கிக் கணக்கில் மாட்டிக்கொண்டால், அவர் சொன்ன உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

5. ஒரு நாள் வேலையை எழுதி வையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஏறக்குறைய யாருமே செய்வதில்லை.

டைல்ஸ் ஒட்டும் கொத்தனார் ஒருவர் வந்தார். வலது முழங்கால் எலும்பு முறிந்து, சேர்ந்துவிட்டது. நன்றாகவே நடந்து வந்தார். மனுவில் “கொத்தனார் வேலை செய்ய இயலவில்லை” என்று ஒரு வரி. நடக்கிறாரே, ஏன் இயலாது என்று யாரும் கேட்பார்கள். அவரை உட்கார வைத்து, காலை எட்டு மணியிலிருந்து சொல்லச் சொன்னேன். சிமென்ட் மூட்டையைத் தோளில் வைத்து மாடிப்படி ஏறுவது, கலவை கலக்குவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டைல்ஸ் பதித்து ரப்பர் சுத்தியால் தட்டுவது, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து அடுத்த வரிசைக்குப் போவது. நாளில் ஆறு மணி நேரம் குத்துக்காலில். அவர் முழங்கால் பாதி மடிப்புக்கு மேல் போகவில்லை. ஒரு நிமிடம்கூட அந்த நிலையில் உட்கார முடியாது. இதெல்லாம் காகிதத்தில் ஏறிய பிறகுதான் அது வழக்காயிற்று.

தாளில் அட்டவணை மாதிரி நெடுக்காக மூன்று பத்தி போடுங்கள். வேலையின் ஒவ்வொரு செயல், அதற்கு உடம்பில் எது தேவை, இப்போது என்ன நிலை. ராஜ்குமார் தீர்ப்பு கேட்கும் மூன்று கேள்விகளுக்கும் இதில் பதில் வந்துவிடும்: இப்போது என்னென்ன செய்ய முடியும், விபத்துக்கு முன் தொழில் என்ன, அந்தத் தொழிலையோ அதற்குக் குறைந்த வேறு தொழிலையோ செய்து பிழைக்க முடியுமா.

மூன்றாவது கேள்வியைத் தட்டிக் கழிக்காதீர்கள். எதிர்த்தரப்பு “கடை வைத்து உட்காரலாமே” என்று சொல்லும். படிப்பு, வயது, கைப்பழக்கம் இவற்றை வைத்து நேர்மையாகப் பதில் எழுதுங்கள். அந்தக் கொத்தனாருக்கு எட்டாம் வகுப்பு. பன்னிரண்டு வருடமாகத் தெரிந்த தொழில் ஒன்றுதான். வாட்ச்மேன் வேலை கிடைத்தால் பாதிச் சம்பளம் வரும் என்று அவரே சொன்னார். அந்தப் பதில்தான் அவருக்கு உதவியது. நூறு சதவீதம் போய்விட்டது என்று அடம்பிடித்திருந்தால் உதவியிருக்காது.

6. டாக்டர், மருத்துவக் குழு

காயம் ஆறி, இனி பெரிய முன்னேற்றம் இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகுதான் ஊன மதிப்பீடு. கம்பி எடுக்கும் அறுவை சிகிச்சை பாக்கி இருக்கும்போது வாங்கிய சான்று தற்காலிக ஊனத்தைத்தான் காட்டும் என்று தள்ளப்படும்.

பல தீர்ப்பாயங்கள் மனுதாரரை அரசு ஆஸ்பத்திரி மருத்துவக் குழுவுக்கு அனுப்புகின்றன. வழக்குக்கென்றே சான்று கொடுக்கும் டாக்டர்களைப் பற்றி ராஜ்குமார் தீர்ப்பே எச்சரிக்கிறது. குழுவுக்குப் போகும் நாளில் ஃபிலிம், டிஸ்சார்ஜ் சம்மரி, நீங்கள் எழுதிய மூன்று பத்தித் தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். அங்கே கிடைப்பது சில நிமிடம்தான்.

சான்றிதழில் ஒன்றைக் கவனியுங்கள்: சதவீதம் காலுக்கா, முழு உடலுக்கா? காலுக்கு 40 என்றால் முழு உடலுக்கு அதைவிடக் குறைவாக வரும். ராஜ்குமாருக்கு இடது காலில் 45 சதவீதம். முழு உடலுக்கு 25 என்று எடுத்து, சம்பாதிக்கும் திறன் இழப்பு 20 சதவீதம் என்று முடிவாயிற்று. காலுக்கா, முழு உடலுக்கா என்று எழுதப்படாத சான்றிதழை வைத்து இரண்டு தரப்பும் ஆளுக்கொரு எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சான்று கொடுத்த டாக்டரோ சிகிச்சை செய்த டாக்டரோ சாட்சி சொல்வது முக்கியம். காகிதத்தைக் கட்டில் வைத்துவிட்டால் ஊனம் நிரூபணமாகிவிடாது. “எத்தனை சதவீதம் வருமானம் போனது?” என்று டாக்டரிடம் கேட்க வேண்டாம், அது அவர் சொல்ல வேண்டியதல்ல. “இந்த முழங்கால் எவ்வளவு மடங்கும்? குத்துக்காலிட முடியுமா? எடை தூக்கி ஏறலாமா? இது மாறுமா?” என்று கேட்டால் அவர் துறைக்குள் நின்று உறுதியாகப் பதில் சொல்வார்.

7. கணக்குப் போடும் முறை

முதலில் மாத வருமானம். அதோடு எதிர்கால வளர்ச்சிக்கான கூடுதல். பிரணய் சேத்தி வழக்கில் (2017 அக்டோபர் 31) ஐந்து நீதிபதிகள் அமர்வு வகுத்த அளவு இது: நிரந்தர வேலையில் இருப்பவர் 40 வயதுக்குக் கீழ் என்றால் 50 சதவீதம், 40 முதல் 50 வரை 30, 50 முதல் 60 வரை 15. சுயதொழில் செய்கிறவருக்கும், நிரந்தர வேலை இல்லாமல் ஒரே நிலையான சம்பளம் வாங்குகிறவருக்கும் அதே வயதுகளில் 40, 25, 10.

இது மரண வழக்குக்கு மட்டும்தான், காயத்துக்கு இல்லை என்று வாதிடுவார்கள். பப்பு தேவ் யாதவ் வழக்கு (2020) அதற்கு நேர் பதில். கை இழந்த தட்டச்சுப் பணியாளருக்கு உச்ச நீதிமன்றம் எதிர்கால வளர்ச்சியையும் சேர்த்தது. திறன் இழப்பையும் 45-லிருந்து 65 சதவீதமாக உயர்த்தியது.

அடுத்தது மல்டிப்ளையர். சரளா வர்மா வழக்கு (2009) கொடுத்த அட்டவணை: 15 முதல் 25 வயது வரை 18, 26–30க்கு 17, 31–35க்கு 16, 36–40க்கு 15, 41–45க்கு 14, 46–50க்கு 13, 51–55க்கு 11, 56–60க்கு 9, 61–65க்கு 7, அதற்கு மேல் 5. விபத்து நடந்த நாளின் வயதைத்தான் எடுக்க வேண்டும்.

சரி, 34 வயது, மாதம் 18,000, சுயதொழில் என்று வைத்துக்கொள்வோம். 40 சதவீதம் கூட்டினால் 25,200. ஆண்டுக்கு 3,02,400. மல்டிப்ளையர் 16 போட்டால் 48,38,400. திறன் இழப்பு 20 சதவீதம் என்றால் 9,67,680. 50 சதவீதம் என்றால் 24,19,200. நடுவே இருக்கும் 14,51,520 ரூபாய் ஐந்தாவது படியில் எழுதிய தாளையும் ஆறாவது படியில் டாக்டர் சொன்ன பதிலையும் பொறுத்தது.

காயமடைந்தவர் வழக்கில் சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கைக் கழிக்கக் கூடாது. அந்தக் கழிவு மரண வழக்குக்கு உரியது. அவர் உயிரோடு இருக்கிறார், சாப்பிட வேண்டும். எதிர்த்தரப்புக் கணக்குத் தாளில் இந்தக் கழிவு இன்னும் எட்டிப் பார்க்கிறது, கண்டால் சுட்டிக்காட்டுங்கள்.

படுத்திருந்த மாதங்களின் சம்பள இழப்பு இதில் சேராது, அது தனித் தலைப்பு. சிகிச்சைச் செலவு, இனி வரும் சிகிச்சை, உதவியாள் செலவு, வலி வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு எல்லாம் தனித்தனி. ஒன்றாகக் கலந்து மொத்தத் தொகையாகக் கேட்டால் எது போயிற்று, எது கிடைத்தது என்று மேல்முறையீட்டில் காட்ட முடியாது.

8. சம்பளமே இல்லாதவர்கள்

வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு வருமானம் இல்லை என்று “இல்லத்தரசி, வருமானம்: இல்லை” என்று மனுவில் எழுதுவது பெரிய தவறு. கீர்த்தி எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில் (2021) வீட்டு வேலைக்கு மதிப்புண்டு, அதற்கு உத்தேச வருமானம் வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொன்னது. ஐந்தாவது படித் தாளை இங்கேயும் எழுதுங்கள். தண்ணீர் தூக்குவது, சமையல், முதியவரைக் குளிப்பாட்டுவது என்று எழுதி, இப்போது அதைச் செய்ய ஆள் வைத்திருந்தால் அந்தச் சம்பளத்தையும் குறிப்பிடுங்கள்.

மாணவருக்கு மதிப்பெண் பட்டியல், படிப்பு, வளாகத் தேர்வு முடிவு. அரவிந்த்குமார் மிஸ்ரா வழக்கில் (2010) கடைசி ஆண்டுப் பொறியியல் மாணவருக்கு எதிர்கால வருமானத்தை மதிப்பிட்டே கொடுத்தார்கள். குழந்தைக்கும் இது உண்டு: காஜல் வழக்கில் (2020) 12 வயதுச் சிறுமிக்குத் திறன்மிகு தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக எடுத்தார்கள்.

9. வேலை தொடர்கிற நிரந்தர ஊழியர்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 20-வது பிரிவுப்படி, பணிக்காலத்தில் ஊனமடைந்த அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அவருக்கு நல்லதுதான். ஆனால் “சம்பளம் குறையவில்லையே” என்ற வாதமும் அங்கிருந்துதான் வரும். போன ஓவர்டைம், போன களப்படி, உடல் தகுதி கேட்கும் பதவி உயர்வு, ஓய்வுக்குப் பிறகு செய்ய இருந்த வேலை ஆகியவற்றுக்கு அலுவலகக் கடிதம் வாங்குங்கள். உண்மையில் இழப்பே இல்லை என்றால் இந்தத் தலைப்பை விட்டுவிட்டு வாழ்க்கை வசதி இழப்பில் அழுத்தம் கொடுங்கள்.

10. வேலைக்கான வண்டியில் அடிபட்டவர்

லாரி ஓட்டுநர், கிளீனர் போன்றவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923 இன்னொரு வழியாக இருந்தது; 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 வந்திருக்கிறது. அங்கே தவறு யாருடையது என்று பொதுவாக நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கில் எடுக்கும் மாதக் கூலிக்கு உச்சவரம்பு உண்டு; 1923 சட்டத்தில் அது 15,000 ரூபாயாக இருந்தது. இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167-வது பிரிவு தடுக்கிறது. எது கூடுதலாக வரும் என்று இரண்டையும் தாளில் போட்டுப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் விரல், கை, கால் என்று சதவீத அட்டவணையே இருந்தது. ஒரு கட்டைவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம். ஆனால் அட்டவணையோடு நின்றுவிட வேண்டாம். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த தச்சருக்கு 100 சதவீத இழப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒரு கையோடு தச்சு வேலை செய்ய முடியாது என்பதுதான் காரணம்.

11. கூண்டில் ஏறும் நாள்

ப்ரூஃப் அஃபிடவிட்டை (உங்கள் சாட்சியத்தை எழுத்தில் தரும் பிரமாணப் பத்திரத்தை) படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் இருப்பது உங்களுக்கே தெரியாமல் கூண்டில் நிற்பது ஆபத்து.

குறுக்கு விசாரணையில் “இன்று எப்படி வந்தீர்கள்?” என்று கேட்பார்கள். பஸ்ஸில் வந்திருந்தால் பஸ்ஸில் வந்தேன் என்று சொல்லுங்கள். “நடக்க முடியுமா?” என்றால் “நடப்பேன், குத்துக்காலிட முடியாது” என்று சொல்லுங்கள். முடியும் என்பதை ஒப்புக்கொண்டால்தான் முடியாது என்பதை நம்புவார்கள். நொண்டாத காலை நொண்டிக் காட்டியவர்களின் வழக்கு அந்த நிமிடமே சரிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மனது வலித்தது, ஏனென்றால் அவர்களுக்கு உண்மையான ஊனமும் இருந்தது.

வேலை கொடுத்தவர் அல்லது கூட வேலை பார்த்தவர் ஒருவரைச் சாட்சியாகக் கொண்டுவாருங்கள். வேலையின் தன்மையை அவர் சொன்னால் எடை அதிகம்.

12. சமரசமா, தீர்ப்பா

லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) தொகை சொல்லும்போது ஏழாவது படிக் கணக்குத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் மேல்முறையீடு கிடையாது. பணம் சீக்கிரம் வரும் என்பதற்காகக் கொஞ்சம் குறைத்து வாங்குவதில் தவறில்லை. எவ்வளவு குறைகிறோம் என்று தெரிந்து குறையுங்கள். ஊன மதிப்பீடு முடியும் முன்பே உட்கார்ந்து பேச வேண்டாம்.

தீர்ப்பு வந்தால் சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள். நகல் வந்ததும் மூன்று இடம் பாருங்கள்: மாத வருமானம் எவ்வளவு எடுத்தார்கள், எதிர்கால வளர்ச்சி சேர்த்தார்களா, திறன் இழப்பு எத்தனை சதவீதம், அதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள். மனு போட்ட நாளிலிருந்து வட்டி கணக்கிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதில் ஏதாவது தவறியிருந்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய, தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள் இருக்கிறது.